சிசரோவும் ஐந்து கைதிகளும்

உரோமை நகரத்துச் சிசரோ என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது அவருடைய நாவன்மையே. பேச்சுப் போட்டியில் ஏறும் மாணவர் பலர், டெமாஸ்தனிசையும் சிசரோவையும் ஒருமுறையேனும் துணைக்கு அழைக்காமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. நானும் அவ்வாறு அழைத்தவனே. ஆனால் அவர் வரலாற்றைப் படித்தபின், அவருடைய சொற்பொழிவுகளைக் காட்டிலும் ஒரு நாள் மாலைப் பொழுதே என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. கி.மு. 63-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அது.

சிசரோ கி.மு. 106-இல் ஆர்ப்பினம் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிசரோ என்ற குடும்பப் பெயர் கொண்டைக்கடலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அரசியலில் இறங்கியபோது அதை மாற்றிக்கொள்ளும்படி நண்பர்கள் கூறினராம், அவர் மாற்றவில்லை. முன்னோருள் ஒருவரும் பெரும்பதவி வகித்ததில்லை. பரம்பரைப் பிரபுக்களின் கோட்டையாயிருந்த உரோமையில் அவருக்கு வாய்த்த படைக்கலம் நாவும் சட்ட அறிவுமே.

கி.மு. 70-இல் சிசிலியைச் சூறையாடிய ஆளுநன் வெர்ரஸ் மீது அவர் வழக்குத் தொடுத்தார். சாட்சிகள் அணிவகுத்து வந்தவுடன், தீர்ப்புக்குக் காத்திராமல் வெர்ரஸ் நாட்டை விட்டே ஓடிவிட்டான். அவ்வழக்குக்கென எழுதி வெளியிட்ட உரைகளுள் ஒன்றில், உரோமைக் குடிமகன் ஒருவனை முறையான விசாரணையின்றி வெர்ரஸ் சிலுவையில் அறைந்த கொடுமையைச் சிசரோ நெஞ்சு கொதிக்க எழுதியுள்ளார். இந்தச் செய்தியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கி.மு. 63-இல் சிசரோ கான்சல் ஆனார். ஆண்டுக்கு இருவர் வகிக்கும் தலைமைப் பதவி அது. அப்பதவிக்குப் போட்டியிட்டு அடுத்தடுத்துத் தோற்றவன் காட்டிலைன் என்னும் பிரபு. கடன்களை எல்லாம் ரத்துச் செய்வதாகச் சொல்லி, நொடித்துப்போன பிரபுக்களையும் வறுமையுற்ற பழைய போர்வீரர்களையும் அவன் திரட்டினான். கடன் அந்நாளில் மெய்யாகவே பலரை வாட்டியது. ஆகவே அவன் பின்னே போனவர் அனைவரும் கயவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வடக்கே எத்ரூரியாவில் படை திரண்டது; சிசரோவை வீட்டிலேயே கொல்ல ஆள் அனுப்பப்பட்டது. செனட் சபை நெருக்கடி ஆணை பிறப்பித்தது. நவம்பரில் சிசரோ சபையில் காட்டிலைனின் முகத்துக்கு நேரே சதியை அம்பலப்படுத்த, அவன் நகரை விட்டு வெளியேறிப் படையுடன் சேர்ந்தான்.

நகரில் எஞ்சிய சதியாளர்களின் தலைவர் லெண்டுலஸ்; முன்னாள் கான்சல், அவ்வாண்டு நீதிப் பதவியில் இருந்தவர். அல்லோபிரோகர் என்னும் கால் இனத்துத் தூதர்கள் தம் மக்களின் கடன் குறையை முறையிட உரோமை வந்திருந்தனர். அவர்களைச் சதியில் சேர்க்க லெண்டுலசின் கூட்டம் முயன்றது. அவர்களோ செய்தியைச் சிசரோவுக்கு எட்டவைத்தனர். அவர் சொற்படி சதியாளர்களிடம் முத்திரையிட்ட கடிதங்களைக் கேட்டு வாங்கினர். டிசம்பர் 2-ஆம் நாள் இரவு மில்வியன் பாலத்தில் கடிதங்கள் கைப்பற்றப்பட்டன. மறுநாள் சபையில் முத்திரைகள் காட்டப்பட்டன, குற்றவாளிகள் ஒப்புக்கொண்டனர்.

இதைவிடத் தெளிவான சான்று எந்த அரசுக்குக் கிடைக்கும்? ஆயினும் உரோமையில் ஒரு சட்டம் இருந்தது. மக்கள் முன் விசாரணையின்றி எக்குடிமகனுக்கும் மரண தண்டனை இல்லை என்பது கி.மு. 123-இல் கையஸ் கிராக்கஸ் இயற்றியது. செனட் ஆலோசனை கூறும் சபை. அது நீதிமன்றம் அன்று.

டிசம்பர் 5-இல் சபை கூடியது. கைதிகளின் உடைமைகளைப் பறிமுதல் செய்து இத்தாலிய நகரங்களில் ஆயுள் முழுதும் சிறைவைக்கலாம் என்றார் சீசர். இன்று குற்றவாளிகள் மீது பாயும் வழக்கம் நாளை குற்றமற்றவர் மீதும் பாயும் என்பது அவர் வாதம். இளைஞர் கேட்டோ மரணமே தக்கது என்றார். சபை அவர் பக்கம் சாய்ந்தது. அன்று மாலையே சிசரோ தாமே லெண்டுலசைச் சிறைக்கு அழைத்துச் சென்றார். துல்லியானம் என்னும் நிலவறையில் ஐவரும் ஒருவர்பின் ஒருவராகக் கழுத்து நெரிக்கப்பட்டனர்.

சிசரோவின் பக்கமும் நியாயம் உண்டு. கைதிகளை மீட்க லெண்டுலசின் ஆட்கள் கூட்டம் சேர்ப்பதாகச் செய்தி வந்தது. வெளியே பகைப்படை நின்றது. நாட்டின் மீது படையெடுத்தவன் குடிமகன் ஆகான் என்பது அவர் கொள்கை. ஆனால் அடுத்த ஆண்டே, அதே சதியில் சேர்ந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வேறு சிலர் நீதிமன்றத்தில் முறைப்படி விசாரிக்கப்பட்டனர். ஆட்ரோனியஸ் தண்டிக்கப்பட்டான். பப்ளியஸ் சுல்லா விடுதலை பெற்றான்; அவனுக்காக வாதாடியவர் சிசரோவே! முன்னவர் ஐவருக்கும் அந்த வாசல் ஏன் திறக்கப்படவில்லை? நான் எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் அச்சம் என்ற ஒரு விடையே கிடைக்கிறது. அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை.

நாட்டின் தந்தை என்று அவரைப் போற்றினர். ஆனால் அதே டிசம்பர் 29-இல் பதவி விலகும் உரையை ஆற்ற எழுந்தவரை, விசாரணையின்றிக் குடிமக்களைக் கொன்றவர் என்று கூறி மக்கள் பிரதிநிதி ஒருவர் தடுத்தார். கி.மு. 58-இல் குளோடியஸ் என்னும் பகைவன், அவ்வாறு கொன்றவனை நாடு கடத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தான். சிசரோ தெசலோனிக்காவுக்கு ஓடினார். அவர் வீடு இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் சுதந்திரத் தேவிக்குக் கோயில் எழுப்பப்பட்டது! மறு ஆண்டு மக்கள் அவரைத் திரும்ப அழைத்தனர். ஆயினும் பழைய செல்வாக்கு மீளவில்லை.

கி.மு. 44-இல் சீசர் கொலையுண்டபின், முதுமையிலும் அஞ்சாது ஆன்டனியை எதிர்த்துப் பதினான்கு உரைகளைப் படைத்தார் சிசரோ. இந்த ஆன்டனி யார்? துல்லியானத்தில் மாண்ட லெண்டுலஸ், ஆன்டனியின் தாயை மறுமணம் செய்திருந்தவர்.

கி.மு. 43-இல் ஆன்டனியும் ஆக்டேவியனும் லெப்பிடசும் கைகோத்துக் கொலைப் பட்டியல் வெளியிட்டனர். பட்டியலில் பெயர் ஏறினால் போதும், வழக்கில்லை, வாதமில்லை. டிசம்பர் 7-ஆம் நாள் ஃபார்மியே அருகில் பல்லக்கில் சென்றுகொண்டிருந்த சிசரோவை வீரர்கள் எட்டிப்பிடித்தனர். அந்த ஐவரும் மடிந்து இருபது ஆண்டுகளும் இரண்டு நாட்களும் ஆகியிருந்தன. அவர் தலையும் கைகளும், அவர் எத்தனையோ முறை நின்று முழங்கிய மேடையிலேயே வைக்கப்பட்டன.

கி.மு. 30-இல் ஆன்டனி வீழ்ந்தபின், உரோமையில் கான்சலாக இருந்தவர் சிசரோவின் மகன். ஆன்டனியின் சிலைகள் அவர் காலத்திலேயே அகற்றப்பட்டன.