வானூர்தி செய்த கையும் சின்னஞ்சிறு காரும்

ஜேர்மனி தேசத்து வூர்ட்டெம்பேர்க் பகுதியிலே, குரூன்பாக் என்னுஞ் சிற்றூரில், 1888ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24ஆம் நாள் ஏர்ன்ஸ்ட் ஹைன்கெல் பிறந்தார். விமானங்களாற் புகழும் பழியும் ஒருங்கே எய்திய இவர், முதுமையில் ஏழை எளியோர் ஏறிச் செல்லும் சிறு காரொன்றையும் ஆக்கினார் என்பதைப் பலர் அறியார். அதனை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

1908ஆம் ஆண்டு செப்பெலின் பிரபுவின் பெரிய வான்கப்பல் எக்டர்டிங்கன் வெளியில் எரிந்தழிந்தது. அந்நிகழ்ச்சி மாணவராயிருந்த ஹைன்கெலின் உள்ளத்தை விமானத்தின்பால் திருப்பிற்று. 1911இல் தாமே ஒரு விமானம் சமைத்துப் பறந்தார். வீழ்ந்து பெருங்காயமுற்றும் உயிர் பிழைத்தார். 1922இல் வார்னமுண்டே நகரில் தொழிற்சாலை நிறுவினார். ஓஹைன் என்னும் இளம் அறிஞரை ஆதரித்து, 1939 ஆகஸ்ட் 27இல் உலகின் முதல் ஜெற் விமானத்தைப் பறக்கச் செய்தார். ஐந்து நாளிற் போர் மூண்டது. அவர் பெயர் தாங்கிய விமானங்கள் 1940இல் இலண்டன் மாநகர்மேற் குண்டு பொழிந்தன. ஒரானியன்பேர்க் ஆலையிலோ சிறைமுகாம் மாந்தர் அடிமைகளாய் உழைத்தனர். இச்சரிதத்தை மாணவர்க்குச் சொல்லுங்கால், இவ்விடத்தில் நான் குரலைத் தாழ்த்துவதில்லை.

1945இல் ஜேர்மனி தோற்றது. விமானஞ் செய்தல் 1955 வரை அங்கே தடுக்கப்பட்டது. மக்களிடம் பெரிய கார் வாங்கப் பணமில்லை. மோட்டார்ச் சைக்கிளிற் சென்றாலோ மழையும் பனியும் வருத்தின. ஹைன்கெல் 1953இல் ஸ்கூட்டர் செய்தார். இத்தாலியர் ஆக்கிய இசெட்டா என்னும் முட்டை வடிவக் காரைக் கண்டு, அதனினும் எடை குறைந்ததொன்றை ஆக்கலாமெனத் துணிந்தார். வீண் எடையைக் களைதல் விமானம் அவருக்குக் கற்பித்த பாடமன்றோ!

1956இல் அக்கார் வெளிவந்தது. நிறை சுமார் 250 கிலோகிராம். ஸ்கூட்டரிலிருந்த 174 கன சென்ரிமீற்றர் ஒற்றை உருளை எஞ்சினே பின்னிருந்து அதனை இயக்கிற்று; வலு சுமார் 9 குதிரைவலு. கதவு ஒன்றே, அதுவே காரின் முகமுமாகும். இசெட்டாவிற் கதவைத் திறந்தாற் சுக்கானும் உடன் சாயும். இதிலோ சுக்கான் அசையாது நிற்கும். முன்னே பெரியோர் இருவரும், பின்னே சிறுபிள்ளைகள் இருவரும் அமரலாம். மோதலில் முகக்கதவு திறவாதொழியின் துணிக்கூரை வழியே வெளியேறலாம்.

1958 சனவரி 30இல் ஹைன்கெல் மறைந்தார். அவ்வாண்டிலேயே ஜேர்மனியில் அக்காரின் உற்பத்தியும் ஓய்ந்தது. ஊதியம் உயர்ந்த மக்கள் பெரிய காரை நாடியமையே காரணம். எனினும் அயர்லாந்தின் டண்டோக் நகரிலும், பின்னர் இலண்டனை அடுத்த குரொய்டனில் திரோஜன் கம்பனியாராலும் அது செய்யப்பட்டது. 1966 வரை அங்கே நிலைத்தது. முன்னர்க் குண்டு வீழ்ந்த மாநகரின் அயலிலே, அதே மனிதர் வகுத்த வண்டியை ஆங்கிலத் தொழிலாளர் பொருத்தினர். குடும்பங்கள் அதில் உலாச் சென்றன.

சிறு கார் செய்தமையால் முகாமிற் பட்ட துயர் கழுவப்பட்டதென யான் கூறேன், கழுவப்படாது. ஆயின், கைத்திறன் தானாக நன்றுமன்று, தீதுமன்று. ஏவுவோர் யார், பயன் பெறுவோர் யார், வியர்வை சிந்துவோர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே, ஒரு தொழில் வல்லுநரைப் புகழ்தல் தகும். ஹைன்கெலின் வாழ்வு அவ்வினாக்களை நம்முன் வைக்கின்றது.