மணி அடிக்காத அட்டை

சென்ற ஆண்டு எனக்கு உதவித்தொகை மூன்று மாதம் வரவில்லை. போய்க் கேட்டால், எல்லார் கணக்கையும் இரவில் கணிப்பொறி தானே தொகுதி தொகுதியாக முடித்துவிடுகிறது, தவறு நேர வழியில்லை என்றார்கள். கடைசியில் பார்த்தால், என் இனிஷியலுக்குப் பின் ஒரு புள்ளி இல்லாததால் என் கணக்கு மட்டும் தள்ளப்பட்டிருந்தது. தள்ளியது ஒருவருக்கும் தெரியாது! இந்த முறைக்கு மூலபுருஷர் யாரென்று அந்தக் கோபத்தில் தேடியபோதுதான் ஹெர்மன் ஹாலரித்தின் வரலாறு கிடைத்தது.

1860 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவில் பஃபலோ நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். பள்ளியில் எழுத்துக்கூட்டல் அவருக்குப் பெரும் பகை. (எனக்கும் அப்படியே.) 1879-இல் கொலம்பியாவில் சுரங்கப் பொறியியல் பட்டம் பெற்று, 1880-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் வேலைக்கு அமர்ந்தார். ஐந்து கோடி மக்களின் விவரங்களைக் கையால் கோடு போட்டு எண்ணிய காலம் அது. வயதுக்கு ஒருமுறை, தொழிலுக்கு ஒருமுறை என்று அதே தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்கள். வேலை பல ஆண்டுகள் இழுத்தது.

அங்கிருந்த ஜான் பில்லிங்ஸ் என்ற பெரியவர், இதற்கு ஓர் இயந்திரம் வேண்டும் என்று சொன்னது இளைஞரைப் பற்றிக்கொண்டது. ரயிலில் பரிசோதகர் பயணியின் அடையாளத்தை டிக்கெட்டில் துளையிட்டுக் குறிப்பதைக் கண்டவர், ஆளுக்கு ஓர் அட்டை என்று தீர்மானித்தார். அட்டையை வைத்துக் கைப்பிடியை அழுத்தினால், துளையுள்ள இடங்களில் மட்டும் ஊசிகள் இறங்கிப் பாதரசத்தைத் தொடும், மின்சாரம் பாயும், வயது, தொழில் எனப் பல முகப்புகளில் ஒரே சமயத்தில் முள் நகரும். உடனே ஒரு மணி அடிக்கும். துளை தவறிய அட்டைக்கு மணி அடிக்காது. வேலை செய்பவர் அதை எடுத்துத் தனியே வைத்துத் திருத்துவார். இதைப் படித்ததும் என் கோபம் அவர்மேல் இல்லை என்று தெரிந்தது.

1889-இல் நடந்த போட்டியில் மற்றவர்களுக்கு 44 மணிக்கு மேல் பிடித்த எண்ணிக்கையை ஐந்தரை மணியில் முடித்தார். 1890-இல் ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் மொத்தம் சில வாரங்களில் வெளிவந்தது.

குடிக்கணக்கு பத்தாண்டுக்கொரு முறை. ரயில் கம்பெனியின் சரக்குக் கணக்கோ ஓயாதது. எண்ணுவதோடு கூட்டவும் செய்யும் பொறியை நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேக்கு அமைத்தார். 1896-இல் சொந்தக் கம்பெனி. முன்கோபி, பொறியை விற்கமாட்டார், வாடகைக்கே விடுவார். அந்த வாடகைச் சச்சரவில் குடிக்கணக்கு வேலையையே இழந்தார். 1911-இல் கம்பெனி வேறு சிலவற்றோடு இணைந்தது, 1924-இல் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது. அவரோ பண்ணையும் மாடுகளுமாக இருந்து, 1929 நவம்பர் 17-இல் வாஷிங்டனில் காலமானார்.