கோரல் மில் வாசலில் வ.உ.சி.



வ.உ.சி. என்றதும் நமக்குக் கப்பலும் செக்கும்தான் ஞாபகத்துக்கு வரும். சின்ன வகுப்பிலிருந்து அதைத்தான் பரீட்சையில் எழுதி வருகிறோம். ஆனால் 1908-ல் நம்ம தூத்துக்குடியில் அவர் செய்த வேறொரு காரியம் இருக்கிறது. தொழிலாளி வீட்டுப் பையனான எனக்கு, கப்பலைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது.

ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-ல் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல், அம்மா பரமாயி அம்மாள். மகனும் வக்கீலுக்குப் படித்து, 1900-ல் தூத்துக்குடிக்கு வந்து தொழில் நடத்தினார். 1906 அக்டோபரில் சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக்குப் போகும் கட்டணத்தைத் தாறுமாறாகக் குறைத்துப் போட்டிக்கு நின்றது. இதெல்லாம் நாம் படித்ததுதான்.

அதே ஊரில் ஹார்வி கம்பெனியின் கோரல் நூல் மில் ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை பார்த்தார்கள், சிறுவர்கள் உட்பட. கூலி சொற்பம், வேலை நேரமோ நீளம். ஆலையில் ஆண் தொழிலாளிக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை என்று சொல்லும் சட்டமே 1911-ல்தான் வந்தது. அதுவும் 12 மணி நேரம்! எங்க அப்பா உப்பளத்து வேலைக்காரர். போன நாளுக்குக் கூலி, போகாத நாளுக்குக் கிடையாது. மழைக்காலம் வந்தால் மாதக்கணக்கில் வீட்டில்தான். வாரத்தில் ஒரு நாள் லீவு கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்க வீட்டில் யாரும் விளக்க வேண்டியதில்லை.

வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அந்த மில் ஆட்களைக் கூட்டிப் பேசினார்கள். 1908 பிப்ரவரி 27-ல் வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர்வு, வார விடுமுறை, அவசரத்துக்கு லீவு, இவைதான் கோரிக்கை. அன்றைக்குச் சங்கம் என்று ஒன்று கிடையாது. சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே 1918-ல்தான். சங்கம் இல்லாத இடத்தில் அடுப்பு எரிவது எப்படி? வ.உ.சி. ஊரில் வசூல் செய்தார். சாப்பாட்டுக்கு வழி பார்த்தார். ஊரும் கூட நின்றது. சுமார் ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது.

இதோடு முடிந்திருந்தால் கூலிச் சண்டை என்று விட்டுவிடலாம். மார்ச் 12-ல் வ.உ.சி.யையும் சிவாவையும் திருநெல்வேலியில் கைது செய்தார்கள். மறுநாள் அங்கே கலவரம், துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் பலி. தூத்துக்குடியில் கடைகள் அடைத்தன. கோரல் மில் ஆட்கள் திரும்பவும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். கேட்டது முன்பே கிடைத்துவிட்டது. இந்த முறை அவர்களுக்குப் பைசா லாபம் இல்லை. அரைவயிற்றுக் கூலிக்காரர்கள் ஒரு தலைவருக்காக அரசாங்கத்தை எதிர்த்து நின்றார்கள். திலகருக்காகப் பம்பாய் மில் தொழிலாளர்கள் வெளியே வந்தது அந்த வருஷம் ஜூலையில். நம்ம ஊர் அதற்கும் முந்தி!

அந்த ஜூலையில்தான் தீர்ப்பும் வந்தது: இரட்டை ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருஷம். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர் சிறையில் செக்கு, பிறகு கண்ணனூர் சிறை. உள்ளே இருக்கும்போதே, 1911-ல், கப்பல் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வரவேற்கப் பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், கஷ்டப்பட்டார். அந்தக் கஷ்டத்திலும் தொழிலாளர் பக்கம் போவதை அவர் விடவில்லை என்பதுதான் என்னை ஆச்சரியப்பட வைக்கிறது. சன்னதைத் திரும்பப் பெற உதவிய வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் நினைவாக, ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியில் கொஞ்ச காலம் வக்கீல் தொழில், பிறகு மறுபடியும் தூத்துக்குடி.

1936 நவம்பர் 18-ல் காலமானார். கடைசி நேரத்தில் தம்மைத் தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்துக்குத் தூக்கிப்போகச் சொன்னார். உயிர் பிரிந்தது அங்கேதான். துறைமுகத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது 2011-ல்.