ஜப்பானியக் கப்பலதிபர் இவாஸாகி

நாற்புறமும் கடல் சூழ்ந்த ஒரு தேசம் இருநூறு வருஷங்களுக்கு மேலாகத் தன் துறைமுகங்களைத் தானே அடைத்துக்கொண்டிருந்தது என்பது விந்தையான விஷயம். ஜப்பானியர் அந்நிய நாட்டுக்குச் செல்வதும், சென்றவர் திரும்பி வருவதும் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் என்று 1635-ம் வருஷத்தில் ஆணை பிறந்தது. 1853-ல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் எடோ வளைகுடாவில் நங்கூரம் பாய்ச்சிய பின்னரே கதவு திறக்கலாயிற்று. திறந்தபொழுது, சரக்கை ஏற்றிச் சென்றவர்களும் கூலி பெற்றவர்களும் பெரும்பாலும் அந்நியரே. இந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் இவாஸாகி யடாரோ.

இவர் டோஸா நாட்டில் 1835-ம் வருஷம் பிறந்தார். முன்னோர் கடன் தீர்க்கும் பொருட்டு சாமுராய் அந்தஸ்தையே விற்றுவிட்ட ஏழைக் குடும்பம். எடோவில் கல்வி பயின்றுகொண்டிருந்தபோது, கிராமத் தலைவனுடன் நேர்ந்த தகராறில் தந்தை அடியுண்டார் என்ற செய்தி கேட்டு ஊர் திரும்பினார். வழக்கில் நியாயம் கிட்டாமற் போகவே அதிகாரியின் ஊழலைப் பகிரங்கமாகக் கண்டித்துச் சிறை புகுந்தார். உடனிருந்த கைதி ஒருவனிடம் அங்கே கணக்குக் கற்றார் என்பர். பிற்காலத்தில் அக்கணக்கே இவருக்குப் பெரிதும் உதவிற்று.

டோஸா அரசின் வியாபார நிலையத்தை நாகஸாகியிலும் ஓஸாகாவிலும் நடத்திய அனுபவத்துடன், சிற்றரசுகள் 1871-ல் கலைக்கப்பட்டபோது அதன் கப்பல்களை ஏற்றுக்கொண்டு தனித் தொழிலாக நடத்தலானார். 1873-ல் அக்கம்பெனி மிட்ஸுபிஷி என்ற பெயர் பெற்றது. மறு வருஷம் தைவான்மீது படையனுப்ப ஜப்பானிய சர்க்கார் முனைந்தபோது, ஆங்கில, அமெரிக்கக் கப்பல்காரர் நடுநிலைமை கூறிக் கைவிரித்தனர். சொந்தக் கப்பல் இல்லாத சர்க்காரின் கதி இன்னதென்று மந்திரிகள் அன்றுதான் உணர்ந்தனர் போலும்! சர்க்கார் 13 கப்பல்களை வாங்கி இவாஸாகியிடம் ஒப்புவித்தது. 1875-ல் வருஷந்தோறும் 250,000 யென் மானியமும் அளிக்க இசைந்தது. பிறர் நாட்டில் நடைபெற்ற அந்தப் படையெடுப்பை நாம் போற்றவில்லை. கப்பல் தொழில் அதில் கருக்கொண்டது என்பதை மறைக்கவும் இயலாது.

அவ்வருஷமே யோகஹாமாவுக்கும் ஷாங்காய்க்கும் இடையே ஜப்பானியக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. முதலில் எதிர்த்து நின்ற அமெரிக்கப் பஸிபிக் மெயில் கம்பெனி, கட்டணப் போரின் பின்னர் தன் கப்பல்களை விற்று விலகியது. 1876-ல் ஆங்கிலேயரின் பி அண்டு ஓ கம்பெனி களத்தில் இறங்கிற்று. இவாஸாகி தம் சம்பளத்தையும் சிப்பந்திகளின் சம்பளத்தையும் குறைத்தார். சரக்கின் பேரில் வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து அவர்களைத் தம் பக்கம் நிறுத்திக்கொண்டார். சில மாதங்களில் அவ்வாங்கிலக் கம்பெனியும் ஒதுங்கியது. மாலுமிகளைப் பயிற்ற 1875-ல் டோக்கியோவில் இவர் ஒரு பள்ளியும் நிறுவினார். கொடி நம்முடையதாயினும் தளபதி அந்நியனாக இருந்தால் கப்பல் யாருடையது? அக்கேள்விக்கு இவர் கண்ட விடை அப்பள்ளி.

ஆனால், அந்நியரின் ஏகபோகத்தை ஒழித்தவர் தாமே ஏகபோகியானார். 1877-ல் ஸாத்ஸுமா கலகத்தில் படைகளை ஏற்றிப் பெருலாபம் ஈட்டிய பின்னர், கட்டணமும் கிடங்கு வாடகையும் உயர்ந்து, வியாபாரிகள் முறையிடலாயினர். ஆதரவளித்த ஓகுபோ 1878-ல் கொலையுண்டார். 1881-ல் ஓகுமா பதவியிழந்தார். உடனே சர்க்கார் மனம் மாறி, 1882-ல் மூலதனத்தில் ஒரு பகுதியைத் தானே அளித்து, கியோடோ உன்யு என்ற எதிர்க் கம்பெனியை எழுப்பிற்று. இரு சுதேசிக் கம்பெனிகளும் ஒன்றையொன்று விழுங்க முற்பட்டுக் கட்டணத்தைப் பாதாளத்துக்கு இறக்கின. இப்போர் முடியுமுன்னரே, 1885 பிப்ரவரி 7-ந் தேதி, வயிற்றுப் புற்றுநோயால் இவாஸாகி காலமானார். வயது ஐம்பது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் இரு கம்பெனிகளும் 58 நீராவிக் கப்பல்களுடன் நிப்பன் யூஸென் கைஷா என ஒன்றாயின.

இதன் கப்பல்கள் பம்பாய்க்கு வந்த வரலாறு நம்மவர்க்கு உரியது. பருத்தி ஏற்றுமதியில் பி அண்டு ஓ முதலிய கம்பெனிகள் கூடி வசூலித்த கூலியைத் தகர்க்க ஜாம்ஷெட்ஜி டாடா ஜப்பான் சென்று பேசியதன் பயனாக, 1893-ல் கோபே–பம்பாய் மார்க்கம் திறக்கப்பட்டது. எதிரிகள் கூலியை அடிமட்டத்துக்குக் குறைத்தனர். ஜப்பானிய நூற்பாலைக்காரர் தம் பஞ்சு முழுவதையும் சுதேசிக் கப்பலிலேயே ஏற்றுவதென்று கட்டுப்பட்டனர். அவர்கள் சர்க்காரும் மானியம் தந்தது. வாடகைக் கப்பல்களைக் கொண்டு டாடா நடத்திய மார்க்கத்துக்கு இந்திய சர்க்காரிடமிருந்து அத்தகைய உதவி எதுவும் கிட்டவில்லை. அது சில காலத்தில் நின்றது. ஜப்பானியக் கப்பல்கள் தொடர்ந்து பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தன.