புள்ளி வைத்த மனிதர்



சர்வே பிராக்டிகல் என்றால் நம்மில் பலருக்கு வெயிலும் வியர்வையும் ரெக்கார்டு நோட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. புராஜெக்டுக்காக ஒரு பழைய வரைபடத்தோடு மல்லுக்கட்டிய பிறகு, பரங்கிமலை அடிவாரத்தில் சங்கிலி போட்டு அளந்த ஒரு மனிதரின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. அவர்தான் வில்லியம் லாம்டன்.

முதலில் என் கதை. பழைய டோப்போ ஷீட் ஒன்றை ஸ்கேன் செய்து, க்யூஜிஐஎஸ் என்ற இலவசத் திறந்த மூல மென்பொருளில் ஏற்றினேன். கம்ப்யூட்டருக்கு அது வெறும் படம். அது எந்த ஊர், வடக்கு எந்தப் பக்கம், ஒன்றும் அதற்குத் தெரியாது. நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஜியோரெஃபரன்ஸர் என்று ஒரு பகுதி இருக்கிறது. படத்தில் ஒரு கோயிலைத் தொட்டு, பூமியில் அதன் இடம் இது என்று அட்சரேகை, தீர்க்கரேகை கொடுக்க வேண்டும். இப்படிச் சில கன்ட்ரோல் பாயிண்டுகள் கொடுத்தால், மென்பொருள் படத்தை நகர்த்தி, திருப்பி, நீட்டி, உரிய இடத்தில் உட்கார வைக்கும்.

நான் மூன்றே புள்ளி கொடுத்தேன். முதல்படி பாலினாமியல் முறையைத் தேர்ந்தெடுத்தேன். பிழை எவ்வளவு என்று பார்த்தால்... பூஜ்யம்! துள்ளிக் குதிக்காத குறை. அப்புறம் அதைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தேன். ஏரிக்கரை போய் வீடுகளின் மேல் ஏறி நின்றது!

பூஜ்யம் பிழை காட்டிய படம் எப்படி இவ்வளவு தள்ளிப் போகும்? இந்தக் கேள்விக்குப் பதில் லாம்டனின் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்தது.

லாம்டன் இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியில், 1750-களில், எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1781-ல் ராணுவத்தில் கீழ்நிலை அதிகாரியாகச் சேர்ந்தார். வட அமெரிக்காவில் பல ஆண்டுகள் படைவீட்டுப் பொறுப்பில் இருந்தார். பதவி உயர்வு பெரிதாக ஒன்றும் கிடையாது. கிடைத்த நேரத்தையெல்லாம் கணிதத்திலும் வானியலிலும் செலவிட்டார். ஒரு சூரிய கிரகணத்தைத் தக்க தடுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்த்ததில் ஒரு கண் பார்வையே பழுதாயிற்று. பிற்காலத்தில் நாட்டையே அளந்தவருக்குப் பயன்பட்டது மற்றொரு கண்தான்!

தம் படைப்பிரிவோடு இந்தியா வந்தபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் போர். ஓர் இரவு படை ஒன்று இருட்டில் நடந்துகொண்டிருந்தது. வடக்கே போவதாகத்தான் தளபதி நினைத்துக் கொண்டிருந்தார். லாம்டன் அண்ணாந்து விண்மீன்களைப் பார்த்தார். படை தெற்கே, எதிரியின் பக்கமாகப் போகிறது என்று கண்டுகொண்டு எச்சரித்தார். திசைகாட்டியை எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னதே சரி!

போர் முடிந்ததும் சென்னை அரசாங்கத்திடம் அவர் ஒரு திட்டம் கொடுத்தார். அதுவரை இருந்த படங்கள் பெரும்பாலும் பாதை வழியே நடந்து, தூரத்தையும் திசையையும் குறித்து வரைந்தவை. ஓரிடத்துப் பிழை அடுத்த இடத்துக்கும் கூடவே வரும். லாம்டன் சொன்ன வழி வேறு. முதலில் தரையில் ஒரே ஒரு நேர்கோட்டை மிகத் துல்லியமாக அளக்க வேண்டும். அப்புறம் மலை, கோபுரம் என்று உயரமான இடங்களை முக்கோணங்களாக இணைத்துக் கோணங்களை மட்டும் அளந்தால் போதும். மற்ற பக்கங்களைக் கணக்கு சொல்லிவிடும். நாம் படிக்கும் ட்ரையாங்குலேஷன் இதுதான். இது வீண் செலவு என்றவர்களும் உண்டு. ஆட்சிக்கும் வரிவசூலுக்கும் படை நகர்த்தவும் நல்ல படம் வேண்டும் என்பதால்தான் கம்பெனியார் இசைந்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

கருவிகள் வந்த கதையே ஒரு சினிமா! அவருக்குக் கிடைத்த இரும்புச் சங்கிலி, சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், வேண்டாம் என்று திரும்பியது. இங்கிலாந்திலிருந்து வந்த அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட்டைக் கப்பலோடு பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு, இன்ன வேலைக்கானது என்று தெரிந்து, மரியாதையோடு சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள்.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளக்கும் வேலை தொடங்கியது. நீளம் ஏழரை மைல். சங்கிலியோ 100 அடி. அப்படியானால் எத்தனை முறை? 400 முறை! அதுவும் கத்திரி வெயிலில். வெயிலில் இரும்பு நீளும் அல்லவா? அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் தாங்க வைத்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துத் திருத்தம் செய்தார். நாம் டேப்பை இரண்டு தடவை பிடித்துவிட்டு ரீடிங்கைச் 'சரிக்கட்டுவது' ஞாபகம் வருகிறதா நண்பர்களே?

அங்கிருந்து முக்கோணங்கள் மேற்கே பரவின. 1804-ல் பெங்களூர் அருகே இரண்டாவது அடிக்கோடு அளக்கப்பட்டது. ஏன் இரண்டாவது? கணக்குப்படி அதன் நீளம் முன்னமே தெரியும். ஆனாலும் தரையில் நேராக அளந்து, தம் கணக்கைத் தாமே சோதிக்க வேண்டும் என்று நினைத்தார். வித்தியாசம் 4 அங்குலத்துக்கும் குறைவு! அப்புறம் மேற்குக் கடற்கரை வரை போய்ச் சேர்ந்தபோது இன்னொரு உண்மை வெளிவந்தது. முந்தைய படங்களில் சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே சுமார் 400 மைல் என்றிருந்தது. உண்மையில் சுமார் 360 மைல்தான். படத்தில் 40 மைல் அகல நிலம் வெறும் பிழையாகவே இருந்திருக்கிறது!

1808-ல் தஞ்சாவூர். சமவெளி, எங்கும் தென்னை மரம். உயரத்துக்குக் கோயில் கோபுரம்தான் கதி. பெரிய கோயிலில் தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கோணம் காட்டும் வட்டம் நெளிந்துவிட்டது. வேறு ஆளாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்தார். திருகும் ஆப்பும் கப்பியுமாக ஆறு வாரம் போராடி, மயிரிழை மயிரிழையாக நெளிவை எடுத்து, வட்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். வேலை தொடர்ந்தது.

குமரிமுனைப் பக்கத்திலிருந்து வடக்கே நீண்ட அந்த அளவீடு 1818-ல் இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவை என்று பெயர் பெற்றது. ஜார்ஜ் எவரெஸ்ட் உதவியாளராக வந்து சேர்ந்தார். வழியெங்கும் காடு, மழை, காய்ச்சல். கொடி பிடித்தவர்கள், சுமை தூக்கியவர்கள், சங்கிலி இழுத்தவர்கள் என்று உயிர்விட்ட நம் நாட்டவர் பலர். அவர்கள் பெயர் எந்தப் படத்திலும் இல்லை. லாம்டனும் ஓய்வு பெறவில்லை. ஹைதராபாத்திலிருந்து நாக்பூருக்குப் போகும் வழியில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், 1823 ஜனவரி 20-ல் காலமானார். வயது எழுபதை ஒட்டியிருந்தது. உலகின் உயர்ந்த சிகரத்துக்கு 1865-ல் எவரெஸ்ட் பெயர் வைக்கப்பட்டது. தொடங்கி வைத்தவரின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இனி என் ஏரிக்கரைக்கு வருவோம். நான் தேர்ந்தெடுத்த முறையில் கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் ஆறு. மூன்று புள்ளிகள் கொடுப்பதும் ஆறு எண்கள். புள்ளி சரியோ தப்போ, கணக்கு எப்போதும் பூஜ்யம்தான் காட்டும்! சோதிக்க ஒன்றும் மிச்சமில்லை. அதாவது, என்னிடம் இரண்டாவது அடிக்கோடு இல்லை.

மறுபடி உட்கார்ந்தேன். நான்கு மூலையிலும் நடுவிலுமாக எட்டுப் புள்ளிகள் வைத்தேன். இப்போது பிழைகள் வெளியே தெரிந்தன. ஒன்று மட்டும் பூதாகரமாக நின்றது. பார்த்தால், பக்கத்துத் தெருவிலிருந்த வேறொரு மாரியம்மன் கோயிலைத் தொட்டிருக்கிறேன்! அதைத் திருத்தியதும் சில பிக்சல் பிழையோடு படம் உட்கார்ந்தது, ஏரிக்கரை ஏரிக்கரைக்கே வந்தது. இன்னொன்றும் கற்றேன். பழைய ஷீட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எவரெஸ்டின் 1830-ம் ஆண்டுக் கணக்கை ஒட்டிய பூமி உருவத்தின்படி வந்தவை. அதைக் கவனிக்காமல் ஜிபிஎஸ் பயன்படுத்தும் முறை என்று மென்பொருளிடம் சொன்னால், நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும். லாம்டன் தொடங்கிய அளவீடு இன்றும் நம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது!

க்யூஜிஐஎஸ் உருவாகத் தொடங்கிய ஆண்டு 2002. பரங்கிமலையில் சங்கிலி போட்டு சரியாக 200 ஆண்டு. கருவி மாறியிருக்கிறது, வேலை அதேதான். புள்ளி பிசகினால் கோலம் கோணும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பூஜ்யம் பிழை என்று கம்ப்யூட்டர் சொன்னாலும், நாலாவதாக ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படுங்கள் தோழர்களே!