அலெக்சாண்டர் ரீ

அலெக்சாண்டர் ரீ, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரித்தானியத் தொல்லியலாளர் ஆவார். ஜேம்சு பர்கெசின் கீழ் உதவியாளராக இருந்த இவர், பின்னர் இந்தியத் தொல்லியல் துறையின் தென் வட்டக் கண்காணிப்பாளரானார். பட்டிப்புரோலு, அமராவதி முதலிய பௌத்தத் தலங்களை அகழ்ந்தார். பல்லவர் கட்டடக்கலை பற்றிய இவரது நூல் 1909 இல் வெளிவந்தது. எனினும் தமிழகத்தில் இவர் பெயர் நிலைத்தது, ஈமக் குழிகளிலிருந்து இவர் திரட்டிய பண்டைய இரும்புப் படைக்கலன்களாலும் தாழிகளாலுமே.

செங்கல்பட்டுப் பகுதி

மாமல்லபுரக் கடற்கரைக்கு மேற்கே, செங்கல்பட்டைச் சூழ்ந்த குன்றடிகளில் பெருங்கற்காலக் கல்வட்டங்கள் மிகுதி. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பல்லாவரத்தில், 1880களில், வரிசை வரிசையாகக் கால்கள் கொண்ட சுடுமண் ஈமப்பேழைகளை ரீ கண்டெடுத்தார். பின்னர் மதுராந்தகத்தை அடுத்த பெரும்பேரிலும் அகழாய்வு நடத்தினார்.

ஆதிச்சநல்லூர்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876 இலேயே செருமானியரான யாகோர் தோண்டிப் பல பொருட்களைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றிருந்தார். ரீ 1899 முதல் 1905 வரை அங்கு ஆய்வு செய்தார். வாள், குத்துவாள், ஈட்டி, அம்புமுனை என இரும்புக் கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் உடன் இருந்தன. கைப்பிடி மரமும் துணியும் சிறு எச்சங்களாகவே எஞ்சின. வீரனின் கச்சையோ தோலுறையோ இத்தகைய மண்ணில் நிலைப்பது அரிது.

இரும்புக் கருவிகள் முனை கீழ்நோக்கி இருந்ததை ரீ கவனித்தார். துக்கம் கொண்டாட வந்தவர்கள் அவற்றை மண்ணில் குத்தி நிறுத்தியிருக்க வேண்டும் எனக் கருதினார். துருப்பிடித்த வாளைக் காட்டிலும் இச்சிறு குறிப்பே மதிப்பு மிக்கது எனலாம். பொருளை மட்டும் எடுத்துச் செல்வோர்க்கு இது கிட்டுவதில்லை.

தொகுப்பும் குறைகளும்

ஆதிச்சநல்லூர், பெரும்பேர் ஆகிய இரு இடத்துப் பொருட்களுக்கும் இவர் ஆக்கிய விளக்கப் பட்டியல் 1915 இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தால் வெளியிடப்பட்டது. பொருட்கள் எழும்பூரிலுள்ள அவ்வருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. மண்ணடுக்குகளைப் பிரித்துப் பதியும் முறை அக்காலத்தில் இங்கு வேரூன்றவில்லை. ஆகவே எந்த வாள் முந்தியது, எது பிந்தியது என்பதை இத்தொகுப்பைக் கொண்டு மட்டும் துணிதல் கடினம்.

இந்தியத் தொல்லியல் துறை 2004-05 இல் ஆதிச்சநல்லூரை மீண்டும் அகழ்ந்தது. 2021 இல் தொடங்கிய அகழாய்வையடுத்து, தாழிகளை இடம் பெயர்க்காமல் கண்ணாடித் தளத்தின் வழியே காணத்தக்க காட்சிக்கூடம் 2023 ஆகத்தில் அங்கேயே திறக்கப்பட்டது.