டாக்டர் பிர்க்கே

அலர்ஜி என்னும் சொல்லை இன்று அறியாதார் இலர். அதனை 1906-ஆம் ஆண்டில் ஆக்கியவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே என்பதை அறிந்தாரோ மிகச் சிலரே. அவர் சரிதத்தை நாம் எழுதப் புகுந்தது அச்சொல்லின் பொருட்டன்று. வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு முதலிய தோல் பதனிடும் ஊர்களில் கைக்குழந்தையை ஏந்தி வைத்தியசாலைக்கு வரும் தாய்மாருக்கும் அவரால் உளதாகிய உபகாரத்தின் பொருட்டேயாம்.

இவர் 1874-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆந் தேதி வியன்னா நகரையடுத்த ஹிர்ஷ்ஷ்டெட்டனில் ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தார். முதலிற் கற்றது வேதசாஸ்திரம், பின்னர்த் தத்துவம். இரண்டையும் விடுத்து வைத்தியம் பயின்று, 1900-இல் கிராட்ஸ் ஸர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் வைத்தியப் பணியைத் தொடங்கியதும் அவ்வாண்டே என்பது நமக்கு நினைக்க இனியது. பிறகு வியன்னாவில் எஷெரிக் என்னும் பேராசிரியரின் கீழ்க் குழந்தை வைத்தியத்தில் அமர்ந்தார்.

காசநோய்க் கிருமியினின்று கோக் என்பார் எடுத்த சத்து டியூபர்குலின் எனப்படும். 1907-இல் பிர்க்கே அதில் ஒரு துளியைக் குழந்தையின் முன்கையில் இட்டு, அவ்விடத்தைச் சிறிது கீறினார். கிருமி முன்னமே உடலிற் புகுந்திருந்தால் இரண்டொரு நாளில் அவ்விடம் சிவந்து தடித்தது. தன் நோவைச் சொல்லவறியாத சிசுவின் நிலையை அறிதற்கு எத்துணை எளிய வழி!

மறு ஆண்டே அவ்வழியின் குறையையும் அவரே கண்டுரைத்தார். முன்பு தடிப்புக் காட்டிய குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டபொழுது தோல் ஒன்றும் காட்டவில்லை; அம்மை இறங்கிச் சின்னாட் கழிந்தபின் மீண்டும் காட்டிற்று. இடையில் காசக் கிருமி நீங்கிவிட்டதோ? இல்லை. அம்மையின் வைரஸ் உடலின் காவலைத் தளர்த்தவே, கிருமியை எதிர்க்கும் ஆற்றலும் அதனைக் காட்டிக்கொடுக்கும் தடிப்பும் ஒருங்கே ஒடுங்கின. தம் கண்டுபிடிப்பின் புகழ் பரவும் வேளையில் அதன் குறையைத் தாமே எடுத்துக்காட்டும் மனம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

நம் ஊர் வீடுகளை எண்ணிப் பார்ப்போம். ஓரறையில் பலர் உறங்குவர், பாட்டனாருக்கு நாட்பட்ட இருமல், வாயிலில் வேப்பிலை, உள்ளே அம்மை கண்ட கைக்குழந்தை. தலைக்கு நீர் வார்த்த பின்னும் அது இருமி இளைக்குமாயின், அம்மையின் அசதி என்று ஆறியிருப்போரே பலர். அந்நாட்களில் சோதித்துத் தடிப்பு எழவில்லையெனின் நோயில்லை என்று துணிதல் பெரும்பிழை. ஓராண்டு நிரம்பாத சிசுவுக்குக் காசம் மூளையின் உறையை எளிதிற் பற்றும். ஆதலின் வைத்தியர்கள் அம்மைக்குப்பின் நான்கு வாரமேனும் கழித்தே இச்சோதனையைச் செய்வர். ஐயம் இருப்பின் அதுவரை வாளா இராமல், குழந்தையின் மார்பைப் படம் பிடித்து, இரைப்பை நீரையும், வீட்டில் இருமுவோரின் கோழையையும் பரிசோதிப்பர். பிறந்தவுடன் இடும் பி.ஸி.ஜி. ஊசியும், ஒன்பதாம் மாதம் நிரம்பியபின் இடும் தட்டம்மை ஊசியும் இவ்விரு பகைவருக்கும் எதிராகவே இடப்படுகின்றன.

பிர்க்கே அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஸர்வகலாசாலையிலும், பின்னர் பிரெஸ்லாவிலும் பேராசிரியராயிருந்து, 1911-இல் வியன்னாக் குழந்தை வைத்தியசாலையின் தலைவரானார். முதல் உலக யுத்தத்தின்பின் பசியால் வாடிய ஆஸ்திரியக் குழந்தைகளுக்கு அமெரிக்கர் அனுப்பிய உணவைப் பகிர்ந்தளிக்கும் பெரும்பணியை நடத்தினார். 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆந் தேதி அவரும் மனைவியாரும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அதன் காரணத்தை ஆராய நாம் துணியோம். அவருக்கு அப்பொழுது வயது 54.